'பதிவு இல்லை' என்று எழுதுமுன்

போன மாதம் ஒரு காலை, தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு முதல் தோசையை ஊற்றிய நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நிரோஷாதான். கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் எதிலும் அவசரம்.

"மிஸ், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துல இருந்து ஒருத்தர் வந்திருக்காங்க. அவுங்க தாத்தா பொறந்த பதிவு வேணுமாம். குடும்பக் கதை எழுதப் போறாங்களாம். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன், ஒண்ணும் வரல. 'பதிவு இல்லை'ன்னு கடிதம் அடிச்சுக் குடுத்துடவா?"

"எத்தனை பேர்ல தேடினே?"

"அவரு சொன்ன பேர்லதான் மிஸ். ஒரே பேர்."

"அப்ப நீ இன்னும் தேடவே இல்ல. கடிதம் அடிக்காத. அந்த மனுஷனை உக்கார வச்சு டீ வாங்கிக் குடு. தாத்தாவை வீட்டுல எப்படிக் கூப்பிட்டாங்க, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், பக்கத்துக் காம்பராவுல யாரு இருந்தாங்க, எல்லாத்தையும் கேளு."

"பக்கத்துக் காம்பராவா? அது எதுக்கு மிஸ்?" என்றாள் அவள். ஃபோனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். கல்லில் விட்ட தோசையும் கருகிப் போயிருந்தது. அந்தக் கோபமும் சேர்ந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இலங்கை மலைநாட்டில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டின் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவரும் தோட்டத்து வேலை. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான ஏ.எல். பாஸ் பண்ணி, போட்டிப் பரீட்சை எழுதி, பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் எழுதுநராகப் போனேன். முதல் சில வருடங்கள் விண்ணப்பம் வாங்குவது, முத்திரை ஒட்டுவது, திட்டு வாங்குவது என்று போயின. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. திலகரத்ன சேர் மாவட்டப் பதிவாளராக வந்த பிறகுதான் நான் வேலை கற்றுக்கொண்டேன்.

ஒல்லியான மனிதர். தெற்கே மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். தமிழை ஒவ்வொரு சொல்லாக யோசித்துப் பேசுவார். பதிவேட்டைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைப்பார். பக்கத்தை மேல் மூலையில் பிடித்துத்தான் திருப்புவார். எச்சில் தொட்டுத் திருப்பினால் அன்று முழுவதும் அந்த ஆளோடு பேச மாட்டார். பதிவறைக்குள் பேனா கிடையாது, பென்சில்தான். டீக்கோப்பையோடு யாராவது வாசலில் நின்றால் கதவை மெல்லச் சாத்திவிடுவார். ஊரெல்லாம் தேயிலை விளைகிற இடத்தில் இப்படி ஒரு மனிதர் என்று நாங்கள் சிரிப்போம்.

அவருடைய ஒரு பழக்கம் மட்டும் எங்களுக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. தேடிக் கிடைக்காவிட்டால் 'பதிவு இல்லை' என்று ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் அவர் காலையில் கையெழுத்துப் போடவே மாட்டார். ஓரமாக வைத்து, "சாப்பாட்டுக்குப் பிறகு போடுவோம் மிஸ். அதுக்குள்ளே இன்னொரு முறை பாருங்க," என்பார். சாப்பாடு முடிந்ததும், "எத்தனை பேரில் பார்த்தீங்க?" என்று கேட்பார். ஒரு பேர் என்றால் கடிதம் திரும்ப என் மேசைக்கு வந்துவிடும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "சேர், இல்லாததை எத்தனை தரம் தேடினாலும் இல்லைதானே?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ், உங்க ஆளுங்க நிறையப் பேருக்கு இந்த ஒரு தாள்தான் இருக்கு. காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை, வங்கிப் புத்தகம் இல்லை. நாம இல்லைன்னு எழுதினா, அவங்க பிறக்கவே இல்லைன்னு எழுதின மாதிரி."

உங்க ஆளுங்க என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. லயத்தில் பிறந்த நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். மாத்தறைக்காரர் சொல்லும்படி ஆயிற்றே என்று வெட்கமாக இருந்தது. அதன் பிறகு சாப்பாட்டு நேரம் எனக்குத் தேடும் நேரமாகிவிட்டது.

தோட்டத்துப் பிறப்பைத் தேடுவது டவுனில் பிறந்தவரைத் தேடுவதைப் போல அல்ல. அந்தக் காலத்தில் பிள்ளை லயத்திலேயே பிறக்கும். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா விவரம் கேட்டு எழுதுவார். அது தோட்டத்தை நடத்துகிற துரையின் கையெழுத்தோடு எங்களுக்கு வரும். பெரும்பாலும் பிள்ளைக்குப் பேர் வைக்கும் முன்பே எழுதி அனுப்பிவிடுவார்கள். பேர் என்ற இடம் வெறுமையாக இருக்கும். அதனால் அப்பா, அம்மா பேரில்தான் தேட வேண்டும். அப்பாவுக்கோ வீட்டில் ஒரு பேர், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கூப்பிட ஒரு பேர். தோட்டத்துக்கும் துரை வைத்த பேர் வேறு, எங்கள் சனங்கள் சொல்கிற பேர் வேறு. ஒருமுறை திருச்சியிலிருந்து ஒரு வாத்தியார் தன் அப்பா பிறந்த இடத்தைத் தேடி வந்தார். ஆத்துத் தோட்டம் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அப்படி ஒரு பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆற்றங்கரையில் இருக்கும் தோட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு மழைநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் கண்டுபிடித்தேன். அந்த மனிதர் பதிவேட்டைத் தொடாமல் எதிரில் நின்று கும்பிட்டார்.

பிறந்த தேதி கேட்டால் யாருக்கும் தெரியாது. தீமிதிக்கு முந்தியா பிந்தியா, ஆடிப்பூசைக்குச் சமைக்கும்போது வயிற்றில் இருந்ததா மடியில் இருந்ததா என்று கேட்க வேண்டும். அதற்குச் சரியான பதில் வரும்.

இப்படித்தான் பிச்சையம்மாவும் வந்தாள். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டம். நாற்பதைத் தாண்டிய வயது. கொழுந்துக் கறை படிந்த விரல்கள், நீலச் சேலை, நெற்றியில் திருநீறு. கல்யாணம் கட்டிக் கொஞ்ச நாளில் புருசனைப் பறிகொடுத்துவிட்டு அம்மாவிடமே திரும்பி வந்தவள்.

"ஐடி கார்டு இல்லைங்க மிஸ். பொறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லாம தரமாட்டேங்கிறாங்க. கார்டு இல்லாததால தோட்டத்துல பேர் பதியாம கைக்காசுக்குத்தான் கொழுந்து எடுக்குறேன். இப்ப எங்க லயத்தை ஒடச்சுக் குடும்பத்துக்கு ஒரு வீடு தரப்போறாங்களாம். பட்டியல்ல அம்மா பேரு இருக்கு. என் பேரு இல்ல. அம்மாவைத் தனிக்கட்டைன்னு எழுதியிருக்காங்க."

"அம்மா இருக்கிற வரைக்கும் நீயும் கூட இருக்கலாம்தானே?"

"அதுக்கப்புறம்? அவுங்க கண்ண மூடிட்டா நான் யாருங்க மிஸ்? ரோட்டுல நிக்க வேண்டியதுதான்."

அப்பா ராமசாமி, இறந்துவிட்டார். அம்மா காளியம்மா. தீமிதிக்குப் பிறகு, ஆடிக்கு முன்பு பிறந்தவள். ராமசாமி பேரில் தேடினேன், இல்லை. காளியம்மா பேரில் தேடினேன். ராமசாமியைப் பெரட்டில் கூப்பிட்ட பேரில், அடுத்த டிவிசனில், முந்தின வருடத்தில், பிந்தின வருடத்தில் என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை. கடிதத்தை அடித்து சேரின் மேசையில் வைத்தேன். அவர் வழக்கம்போல ஓரமாக நகர்த்தினார்.

அன்று பகல் நான் பேர்களை விட்டுவிட்டு, அந்தத் தோட்டத்தில் அந்த மாதங்களில் பிறந்த எல்லாப் பெண் பிள்ளைகளையும் வரிசையாகப் பார்த்தேன். சிலரே இருந்தார்கள். அதில் ஒன்று, பேர் எழுதாத பெண் குழந்தை. தகப்பன் அந்தோனி, தாய் ஆரோக்கியம். பிச்சையம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஆரோக்கியமுன்னு யாராவது தெரியுமா?"

அவள் முகம் மலர்ந்தது. "எங்க பக்கத்துக் காம்பராங்க மிஸ். வேதக்காரங்க. நான் சின்னப் புள்ளையா இருக்கையிலேயே இந்தியாவுக்குப் போயிட்டாங்க."

"அவுங்க மகளுக்கு உன் வயசு இருக்குமா?"

"மகளா? அவுங்களுக்குப் புள்ளையே இல்லைங்களே."

பிள்ளை இல்லாதவர்களுக்கு ஒரு பிள்ளை பதிவாகியிருக்கிறது. பிள்ளை பெற்றவர்களுக்குப் பதிவு இல்லை. இந்தப் பதிவின் பிரதியைக் கொடுத்தால் இவள் காளியம்மாவுக்கு யாரோ. அதற்கும் மேலே, அந்தோனி குடும்பம் இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போன குடும்பம். அவர்கள் மகள் என்றால் இவளும் கப்பல் ஏறியிருக்க வேண்டியவள், இந்த நாட்டுக்காரியே இல்லை என்பார்கள். 'பதிவு இல்லை' என்பதை விடவும் இது மோசம்.

சேரிடம் காட்டினேன். கை கழுவித் துடைத்து, அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "இவங்க வேதக்காரங்க. கோயிலில் பாருங்க மிஸ்," என்றார்.

லீவு போட்டுவிட்டு அந்தத் தோட்டத்துப் பங்குக் கோயிலுக்குப் போனேன். பாதர் சின்ன வயதுக்காரர். என்னை உட்கார வைத்து, ஞானஸ்நானப் புத்தகத்தை அவரே எடுத்து வந்து விரல் வைத்துத் தேடினார். ஆவணி மாதத்துப் பக்கம் ஒன்றில் விரல் நின்றது. பிள்ளையின் பேர் மரியபிச்சை. பெற்றோர் ராமசாமி, காளியம்மா, இந்துக்கள். ஞானத்தாய் ஆரோக்கியம்.

"இந்துப் புள்ளைக்கு ஏன் பாதர் ஞானஸ்நானம்? எங்க பதிவேட்டுல ஆரோக்கியத்தோட புள்ளைன்னு இருக்கே."

"நேர்த்திக்கடனா இருக்கும் மிஸ். பொழைக்காத புள்ளைங்களை மாதாவுக்கு நேர்ந்து வைக்கிறது இங்க உண்டு. அந்தக் காலத்துச் சாமியார் யாரு பெத்ததுன்னு கேட்டிருப்பாரு. ஆரோக்கியத்துக்குக் கோயிலுக்குள்ள நின்னு பொய் சொல்ல மனசு வந்திருக்காது."

அப்படியென்றால் கோயிலுக்கு வெளியே பொய் சொன்னவர்கள் யார், எதற்கு? அதை யோசித்தபடியே பஸ்ஸில் திரும்பி வந்தேன். பாதர் எழுதிக் கொடுத்த பிரதியைப் பார்த்து சேர் தலையாட்டினார். "நல்ல சாட்சி. ஆனா இது மட்டும் போதாது. அம்மா உயிரோட இருக்காங்க. அவங்க வந்து என் முன்னாலே சொல்லணும், என் மகள்னு. அதை எழுதி மேலே அனுப்பினா திருத்தலாம்."

ஒரு வார்த்தைதானே, இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

காளியம்மா வந்தார். எழுபதை ஒட்டிய வயது, குறுகிய உடம்பு, கூர்மையான கண்கள். பிச்சையம்மா அவரைக் கைப்பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "மெல்ல, அத்தை. சேலையைப் பாத்துக்கங்க," என்றாள்.

அத்தையா? நான் அவளை வெளியே கூட்டிப் போய்க் கேட்டேன்.

"சின்னதுல இருந்து அப்படித்தாங்க மிஸ். அம்மான்னு கூப்பிட்டா அடிப்பாங்க. வெளிய மத்தவங்ககிட்டச் சொல்லும்போது அம்மான்னு சொல்லுவேன். அவுங்க முகத்தைப் பாத்து ஒரு நாளும் கூப்பிட்டதில்ல." அவள் இதை அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாங்கள் உள்ளே திரும்பியதும் சேர் தன் மெதுவான தமிழில் கேட்டார். "அம்மா, இந்தப் பெண் யாருடைய மகள்?"

"ஆரோக்கியம் மகளுங்க," என்றார் காளியம்மா.

பிச்சையம்மா சுவரோடு சாய்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "என்னம்மா சொல்றீங்க? கோயில் புத்தகத்துல உங்க பேரு இருக்கு. நீங்க இல்லைன்னு சொன்னா உங்க மக தெருவுல நிப்பா. தெரியுமா?"

அந்த அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். "தெரியுமுங்க. எனக்கா தெரியாது? சொன்னா அவ இருக்க மாட்டா தாயி. வீடு இல்லாட்டி என்ன, உசுரோட இருக்கட்டும்."

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நான் சேருக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். பிச்சையம்மாவுக்கு முன்னால் நாலு பிள்ளைகள். நாலும் முதல் முடி எடுக்கும் முன்பே செத்துப் போய்விட்டன. ஐந்தாவது பிறந்த அன்று லயத்துப் பெண்கள் கூடிப் பேசி, இதை விற்றுவிடச் சொன்னார்கள். முறத்தில் போட்டு வாசலில் வைத்தார். ஆரோக்கியம் ஒரு கை தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். இனி இது ஆரோக்கியத்தின் பிள்ளை. காளியம்மா பால் மட்டும் கொடுக்கலாம், என் பிள்ளை என்று சொல்லக் கூடாது. எமன் தேடி வந்தாலும் இந்தக் காம்பராவில் அவனுக்குப் பிள்ளை இல்லை.

"மறுநாளே புது டிஸ்பென்சர் ஐயா வந்து யாரு புள்ளைன்னு கேட்டாருங்க. ஆரோக்கியம் புள்ளைன்னு சொன்னேன். அவளும் ஆமான்னா. வேற எப்படிச் சொல்ல முடியும்?"

எங்கள் லயத்திலும் இப்படி வாங்கப்பட்ட ஒரு பையன் இருந்தான். எனக்குத் தெரியும். ஆனால் அவனை அவன் அம்மா திரும்ப வாங்கிவிட்டாள். பிள்ளை தப்பிப் பிழைத்துப் பெரிதானதும், வாங்கியவளுக்குத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வது உண்டு.

"நீங்க ஏன் மீட்கலம்மா?"

"ஆளாகும்போது சேலை வச்சு வாங்குறதாப் பேச்சு. அதுக்குள்ள அவுங்களுக்கு இந்தியாவுக்குச் சீட்டு வந்துருச்சு. அட்டன் ஸ்டேசன்ல ரயில் ஏறும்போது ரெண்டு பேரும் அழுத அழுகையில இது ஞாபகம் வரல தாயி. வீட்டுக்கு வந்தப்புறம்தான் தலையில அடிச்சுக்கிட்டேன். வாங்கினவ கடல் தாண்டிப் போயிட்டா. இனி நான் யாருகிட்டப் போயி வாங்குறது?"

நான் இதையும் சிங்களத்தில் சொல்லி முடித்தேன். மூட நம்பிக்கை என்று சொல்லி, நான் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடம்மா என்று அதட்டுகிற அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். இவரும் அப்படித்தான் செய்வார் என்று ஒரு கணம் பயந்தேன். சேர் எழுந்து போய்க் கை கழுவினார். கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்தார். பதிவறைக்குள் போய் அந்தப் பழைய பதிவேட்டை எடுத்து வந்து மேசையில் விரித்தார்.

"அம்மா, ஆரோக்கியம் போயிட்டாங்க. ஆனா மகளைக் கொண்டு போகலை. புத்தகத்தில் விட்டுட்டுப் போயிருக்காங்க. புத்தகம் எங்ககிட்ட இருக்கு. அப்போ பிள்ளையும் எங்ககிட்டதான் இருக்கு. நீங்க எங்ககிட்ட வாங்கலாம்."

காளியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கூர்மையான கண்கள் அவர் முகத்தைப் பரிசோதித்தன. "ஐயா வெளையாடலையே?"

"இந்த மேசையில் நான் விளையாடுறதில்லை," என்றார் சேர். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த உண்மை.

நான் ஓடினேன். சந்தியில் முஸ்லிம் நானா ஒருவர் மாட்டுத் தீனி விற்கிற கடை வைத்திருந்தார். "ஒரு பை தவிடு குடுங்க நானா, சீக்கிரம்."

"கந்தோர்ல மாடு வளக்குறீங்களா மிஸ்?" என்று எங்கள் அலுவலகத்தைக் காட்டிச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, நல்ல தவிடாக அள்ளிக் கொடுத்தார்.

முறம் இல்லை. கோப்பு வைக்கிற மரத்தட்டைத் துடைத்து மேசையில் வைத்தேன். அலுவலகமே வாசலில் வந்து நின்றது. காளியம்மா செருப்பைக் கழற்றினார். வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டு, ஒரு கை தவிட்டை அள்ளித் தட்டில் போட்டார். சேர் எழுந்து நின்று, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு கை பதிவேட்டுக்கு, ஒரு கை பேனாவுக்கு என்று இருந்த மனிதர் அவர். "வாங்கிட்டோம் அம்மா. உங்க பிள்ளையை எடுத்துக்குங்க," என்றார்.

நான் பிச்சையம்மாவின் தோளைப் பிடித்துக் காளியம்மாவின் பக்கம் நகர்த்தினேன். அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கெட்டியான பிடி.

சேர் உட்கார்ந்தார். கையில் தவிட்டுத் தூள் ஒட்டியிருந்தது. கை கழுவாமல் அவர் பேனாவை எடுத்ததை அன்று ஒருநாள்தான் பார்த்தேன். முதலில் கேட்ட அதே குரலில் மறுபடியும் கேட்டார்.

"அம்மா, இந்தப் பெண் யாருடைய மகள்?"

"என் மக," என்றார் காளியம்மா. சொல்லிவிட்டுச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். எதுவும் ஆகவில்லை. பிறகு குரல் ஓங்கியது. "எனக்கும் ராமசாமிக்கும் பொறந்தவ. அஞ்சாவது."

கேட்காத விவரம் அது. சேர் அதையும் எழுதினார்.

மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. கேள்விகள் வந்தன. சேர் பதில் எழுதினார், மறுபடி கேள்வி வந்தது, மறுபடி எழுதினார். பாதரின் பிரதியும் தாயின் வாக்குமூலமும் சேர்ந்து கடைசியில் திருத்தம் வந்தது. பிச்சையம்மாவுக்கு அடையாள அட்டை கிடைத்தது. வீட்டுப் பட்டியலில் காளியம்மாவின் பேருக்குக் கீழே அவள் பேரும் ஏறியது. அதற்காக மூன்று தடவை தோட்டத்து ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டவள் நான்தான். அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

நிரோஷா, பக்கத்துக் காம்பராவை ஏன் கேட்கச் சொன்னேன் என்று இப்போது தெரிந்திருக்கும். கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் அன்றைக்கு யாரோ ஒருவர் கேட்டு, இன்னொருவர் சொன்னது. சொன்னவர் என்ன பயத்தில் சொன்னார் என்பதை மனுஷரிடம்தான் கேட்க வேண்டும். கடிதத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு அடி.

வாக்குமூலம் எழுதிய அன்று மாலை, இருவரையும் பஸ் ஏற்றிவிட நானும் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. காளியம்மா மிச்சத் தவிட்டுப் பையை மடியில் கட்டிக்கொண்டு, கடை ஓரமாக முதுகைக் காட்டி நின்றார். வட்டவளை பஸ் திரும்பி வந்தது.

"அத்தை, பஸ் வந்துருச்சு," என்றாள் பிச்சையம்மா.

அந்த அம்மா திரும்பவில்லை. காது கேட்கவில்லையோ என்று நினைத்து நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். பிச்சையம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தாள், மூடினாள். பஸ் எங்கள் முன்னால் வந்து நின்றது, கண்டக்டர் சத்தம் போட்டான்.

"அம்மா," என்றாள்.

காளியம்மா உடனே திரும்பினார். "என்னாடி பாத்துக்கிட்டு நிக்கிற? மழையில நனையாம ஏறு," என்று அதட்டி, அவளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஏறினார்.